போதகரைப் பின்தொடர்ந்து எழுமலை வரை

ஒரு ஆளைப் பின்தொடர்ந்து போவதற்கு எந்த பஸ் வசதி, எந்த சீட்டில் உட்கார்ந்தால் மாட்டிக்கொள்ளாமல் இருக்கலாம் என்றெல்லாம் யாரும் பயணக் கட்டுரை எழுதி நான் படித்ததில்லை. மதுரை - எழுமலை தடத்துக்கு மட்டுமாவது அந்தக் குறையை இன்று தீர்த்து வைக்கிறேன். போன ஆகஸ்ட் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை போய்வந்தேன். பின்தொடரப்பட்டவர் எங்கள் சபையின் போதகர் எட்வின் ஐயா. பின்தொடர்ந்தவன் நான். வயது ஐம்பத்திரண்டு, தல்லாகுளத்தில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை, இரண்டு முட்டியிலும் வலி.

விஷயம் இதுதான். ஒன்றரை மாதமாகச் செவ்வாய்தோறும் ஐயா காணாமல் போய்க்கொண்டிருந்தார். காலையில் போனால் இரவுச் சாப்பாட்டுக்குத்தான் வருகிறார், போன் செய்தால் எடுப்பதில்லை. எங்கள் சபைக் கமிட்டியின் செயலர் ஜெபராஜ் சார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அவரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் நேரிலேயே பார்த்துவிட்டார். பார்த்ததைவிட ஐயா போட்டிருந்த சட்டைதான் சாரை உலுக்கிவிட்டது. நீலக் கட்டம் போட்ட சட்டை! எங்கள் சபையில் போதகர் என்றால் வெள்ளைச் சட்டைதான். கல்யாண வீடு, துக்க வீடு, ரேஷன் கடை எல்லாவற்றுக்கும் வெள்ளை. கட்டம் போட்ட சட்டையில் ஒரு போதகர் பஸ் ஏறுகிறார் என்றால் எங்கேயோ போதகராக இல்லாமல் இருக்கப் போகிறார் என்று அர்த்தம்.

"நாகமலை புதுக்கோட்டை தாண்டி பிளாட் போடுறான்ல, அதுல ஐயா கூட்டு. எழுதி வச்சுக்கங்க" என்றார் ஜெபராஜ் சார். தகரக் கொட்டகை போட்டுத் தனி ஊழியம் ஆரம்பித்துவிட்டார் என்றது இன்னொரு கட்சி. என் வீட்டுக்காரி கதவைச் சாத்திவிட்டு மூன்றாவது ஒரு காரணம் சொன்னாள். அதை இங்கே எழுத முடியாது. ஆனால் உண்மையைச் சொன்னால் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

எங்கள் சபையில் போதகர் வேறு வருமானத்துக்கு எந்தத் தொழிலும் செய்யக் கூடாது. மேலிடத்துக்கு ஒரு புகார் போனால் போதும், தூரத்து ஊருக்கு மாற்றல் வந்துவிடும். வெள்ளிக்கிழமை கமிட்டி கூடுகிறது, அதற்குள் ஒருவர் போய்ப் பார்த்துவர வேண்டும் என்று முடிவானது. ஊர்ச் சங்கதி எல்லாம் ஜெராக்ஸ் கடைக்கு வந்துதான் போகிறது என்பதால் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். மறுப்பதுபோல ஒருமுறை தலையாட்டிவிட்டுச் சம்மதித்தேன்.

ஆரப்பாளையத்திலிருந்து உசிலம்பட்டிக்கு பஸ் அடிக்கடி உண்டு. சுமார் நாற்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். காலை 6.50 பஸ்ஸில் ஐயா முன்னால் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். நான் தொப்பி, முகக்கவசம் சகிதம் பின்வழியாக ஏறிக் கடைசி சீட்டைப் பிடித்தேன். இங்கே ஒரு எச்சரிக்கை. பஸ் மேற்கே போகிறது, காலை வெயில் பின்கண்ணாடி வழியாகப் பிடரியில் அடிக்கும். சாயங்காலம் திரும்பும்போதும் அதே கதைதான். முகக்கவசத்துக்குள் மூச்சு விட்டு மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்ததில், காளவாசல் வரை நான் கண்காணித்துக்கொண்டு வந்தது வேறு யாரோ ஒரு கட்டம் போட்ட சட்டையை. அந்த ஆள் இறங்கிப் போன பிறகுதான் தெரிந்தது.

நாகமலை புதுக்கோட்டை வந்தது. ஐயா இறங்கவில்லை. பிளாட் விளம்பரப் பலகைகள் வரிசையாகப் போயின. ஒன்றைக்கூட அவர் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்காததே எனக்குச் சந்தேகமாக இருந்தது. பிளாட்டில் பங்கு இல்லாத மதுரைக்காரன் எவனும் அந்தப் பலகைகளை ஒரு பார்வை பார்க்காமல் போகமாட்டான்.

உசிலம்பட்டியில் இறங்கி ஐயா ஒரு டீ குடித்தார். நான் ஒரு லாரிக்குப் பின்னால் நின்று குடித்தேன். 8.40-க்கு எழுமலை பஸ். மறுபடியும் அவர் முன்னால், நான் பின்னால். கண்டக்டர் வந்ததும் குரலை மாற்றிக்கொண்டு, "எழுமலை ஒண்ணு" என்றேன்.

"உங்களுக்கு எடுத்தாச்சுண்ணே" என்றார் அவர்.

"யாரு எடுத்தா?"

"முன்னாடி இருக்காருல்ல, நீலக் கட்டம். பின்னாடி தொப்பி போட்டவருக்கும் சேத்துன்னாரு. தொண்டை சரியில்லையாண்ணே?"

ஐயா திரும்பக்கூட இல்லை. எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது என்னவோ இன்னும் பெரிய சந்தேகம். டிக்கெட் எடுத்துக் கொடுத்து வாயை அடைக்கப் பார்க்கிறாரா? அப்படியென்றால் மறைக்கிற விஷயம் பெரிசுதான்.

எழுமலையில் இறங்கியதும் ஐயா ஒரு ஷேர் ஆட்டோ பக்கத்தில் நின்று கையைக் காட்டினார். "வாங்கண்ணே, ஒரு ஆளு கொறையுதுன்னு எடுக்க மாட்டேங்கறாரு."

நான் தொப்பியைக் கழற்றினேன். "நீங்க இந்தப் பக்கம் எங்கய்யா?" என்று கேட்டேன். இதைவிடக் கேவலமான கேள்வியை என் வாழ்நாளில் நான் கேட்டதில்லை.

"நீங்க எங்க போறீங்களோ அங்கதாண்ணே" என்றார்.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னை அளந்தார். "என்ன கத்திரிக்காண்ணே, இன்னைக்குப் பார்ட்னரோட வாரீங்க?"

கத்திரிக்காண்ணே! பார்ட்னர்! ஆக, தொழில் ஒன்று இருக்கிறது, கூட்டும் இருக்கிறது. ஜெபராஜ் சாரிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் வரிசைப்படுத்த ஆரம்பித்தேன்.

பதினைந்து நிமிடத்தில் ஆட்டோ போய் நின்ற ஊரில் அன்று சந்தை. ஊர்ப் பெயரை எழுதக் கூடாது என்று எனக்கு உத்தரவு. உத்தரவு போட்டவர் அங்கேதான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், மாவுக்கட்டுப் போட்ட இடது காலைத் தக்காளிப் பெட்டி மேல் நீட்டி உட்கார்ந்திருந்தார். ஐயாவின் அக்கா ரூபி.

"டேய் எட்வினு, மணி என்னடா ஆச்சு? கத்திரிக்கா வாடுதுடா. இது யாரு, உங்க கோயில் போலீசா?"

ஐயா பையிலிருந்து கைலியை எடுத்துக் கட்டிக்கொண்டு மூட்டை தூக்கப் போய்விட்டார். நான் விசாரணையை அக்காவிடமிருந்து தொடங்கினேன்.

"நீங்க ஐயாவுக்குக் கூடப் பொறந்த அக்காவா?"

"பின்ன, வாடகைக்கா எடுத்திருக்கான்? மூக்கப் பாருங்க."

பார்த்தேன். அதே மூக்கு. என் வீட்டுக்காரியின் மூன்றாவது காரணம் அந்த மூக்கோடு செத்துப்போனது.

அக்கா சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கணவர் இல்லை. ஒரே மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், வாரம் ஒரு நாள் லீவு எடுக்க முடியாது. அக்காவுக்குச் சந்தை முகப்பில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் கடை. நல்ல இடம். ஆனால் இந்தச் சந்தையில் இடத்துக்குப் பட்டா கிடையாது. வாராவாரம் வந்து சாக்கு விரிப்பதுதான் பட்டா. மூன்று சந்தை தொடர்ந்து விரிக்காமல் விட்டால் பக்கத்துக் கடைக்காரர் நகர்ந்து வந்துவிடலாம், யாரும் கேட்கமாட்டார்கள். சும்மா நாற்காலி போட்டு உட்கார்ந்தால் கணக்கில் வராது. சாக்கு விரிக்க வேண்டும், தராசு பிடிக்க வேண்டும். கூலிக்கு ஆள் வைக்கவும் பயம், போன வருஷம் ஒருவர் வைத்த கூலி ஆளே அந்த இடத்தைத் தனதாக்கிக்கொண்டார். வரப்பில் வழுக்கிக் கால் ஒடிந்ததும் அக்கா தம்பிக்குப் போன் போட்டிருக்கிறார். தம்பி கைலியோடு வந்துவிட்டார்.

பக்கத்துக் கடை காசி என்கிற தக்காளி வியாபாரியுடையது. நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே அவர் ஒரு பெட்டியைக் காலால் இந்தப் பக்கம் நகர்த்தினார்.

"அக்காவுக்குக் கால் மெதுவா ஆறட்டும். நான் எடத்தப் பாத்துக்கிறேன்னு எம்புட்டோ சொல்லிட்டேன்" என்றார்.

"நீ பாத்துக்கிருவடா. பாத்துக்கிட்டேதான இருக்க" என்றார் அக்கா.

இந்த இடத்தில் ஒரு விஷயம் என் மண்டையில் உறைத்தது. "ஐயா, ஒரு மாசமா பிரசங்கத்துல சந்தை, தராசு, கத்திரிக்கான்னு சொல்லிக்கிட்டிருந்தீங்களே..." என்றேன்.

"ஆமாண்ணே."

"அது உவமை இல்லையா?"

"இல்லண்ணே. அதுதான் இது."

ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் கைகொடுக்கும்போது, "கத்திரிக்காய் உவமை ரொம்ப ஆழம் ஐயா" என்று சொன்னவன் நான். ஜெபராஜ் சார் அதற்கு விளக்கமே வைத்திருந்தார். கத்திரிக்காய் என்றால் பாவம், தராசு என்றால் மனச்சாட்சி, காம்பு என்றால் ஏதோ ஒன்று. மேடையில் நின்று ஒரு மனிதர் செவ்வாய்க்கிழமை தான் செய்த வேலையை அப்படியே சொல்லியிருக்கிறார். சபையே ஆமென் சொல்லிவிட்டு அவர் எங்கே போகிறார் என்று உளவு பார்க்கக் கிளம்பியிருக்கிறது. போதகர் வாயிலிருந்து வருவது உண்மைச் சம்பவமாகவும் இருக்கலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆனாலும் நான் விடவில்லை. "அறிவிப்பு வாசிக்கிற நேரத்துல வெளிப்படையாச் சொல்லியிருக்கலாமேய்யா?"

அவர் தராசைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "சொல்லியிருக்கலாம். தைரியம் வரல. பிரசங்கத்துக்குள்ள வச்சா நீங்க உவமைன்னு எடுத்துக்குவீங்கன்னு எனக்குத் தெரியும். ஒளிச்சு வச்ச மாதிரியும் ஆச்சு, சொன்ன மாதிரியும் ஆச்சு."

அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. முழுசாக நல்லவராக இருக்கும் ஆளிடம் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

வியாபாரத்தில் ஐயா சுத்த மோசம். ஒரு அம்மா கத்திரிக்காயைக் கையில் எடுத்து, "சொத்தை இருக்குமா?" என்று கேட்டார்.

"நாலுல ஒண்ணு இருக்கும்க்கா" என்றார் ஐயா.

அந்த அம்மா கத்திரிக்காயைப் பார்க்கவில்லை. ஐயாவைப் பார்த்தார். "எவனாச்சும் தன் சரக்க இப்படிச் சொல்லுவானா? நல்ல காய எங்க ஒளிச்சு வச்சிருக்க?" என்று சுற்றி வந்து, சாக்கைத் தூக்கி அடியில் தேடினார். பிறகு என் பின்னாலும் பார்த்தார்.

"என் தம்பி வெளையாட்டுக்குச் சொல்றான் மதினி. காலையில பறிச்சது, வெண்ணெ மாதிரி இருக்கு பாருங்க" என்று அக்கா உள்ளே புகுந்தார். அந்த அம்மா ஒரு கிலோ வாங்கிக்கொண்டார். மேலே ஒரு பச்சை மிளகாய் கொசுறு. அவர் போனதும் அக்கா காய் மேல் தண்ணீர் தெளித்தார்.

"அதுவும் பொய்தான்க்கா. வாடுன காயி புதுசாத் தெரியுது" என்றார் ஐயா.

"நீ ஞாயித்துக்கெழமை பவுடர் பூசிக்கிட்டு நிக்கிறியே, அது என்னடா?"

எங்கள் போதகரை இதற்கு முன் யாரும் இப்படி மடக்கி நான் பார்த்ததில்லை. இந்த ஒரு வரிக்காகவே பஸ் செலவு முழுவதும் தகும் என்று தோன்றியது. என் செலவில் ஒரு பகுதியை ஐயாவே கொடுத்திருந்தார் என்பதும் ஞாபகம் வந்தது.

மாலை 4.30 பஸ்ஸில் எழுமலையிலிருந்து திரும்பினோம். இந்த முறை ஒரே சீட். ஐயாவின் உள்ளங்கையில் மூட்டைக் கயிறு அறுத்த தடம் இருந்தது. கேட்காமலே பேச ஆரம்பித்தார்.

"இருபது வருஷமா அயலார்கிட்ட அன்பா இருங்கன்னு பிரசங்கம் பண்றேண்ணே. அயலார்னா யாரோ தூரத்துல இருக்கிற பாவப்பட்ட ஆளுன்னு நெனச்சுக்கிட்டுப் பண்ணியிருக்கேன். காசி பெட்டிய ஒரு சாண் உள்ள தள்ளுனான் பாருங்க, அன்னைக்குத்தான் அயலார்னா யாருன்னு புரிஞ்சுச்சு. ரெண்டாவது வாரம் அவன் சட்டையப் புடிச்சிட்டேன்."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "சட்டையப் புடிச்சீங்களா?"

"புடிச்சேன். வாயில வார்த்தையும் வந்துச்சு. அக்கா அதட்டுனதால விட்டேன். அடுத்த வாரம் மன்னிப்புக் கேட்டு டீ வாங்கிக் கொடுத்தேன். அவன் டம்ளர என் கையில திருப்பிக் கொடுத்து, 'மொதல்ல நீ குடி'ன்னுட்டான்."

சிரித்து முடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. ஐயாவும் சிரித்தார். பிறகு குரல் தணிந்தது.

"சபையில எல்லாரும் எனக்கு மரியாதை கொடுக்கிறீங்க. வெள்ளச் சட்டையப் பாத்ததும் கெட்ட வார்த்தைய நிறுத்திர்றீங்க, வரிசையில முன்னாடி விடுறீங்க. யாரும் என்னை ஏமாத்துறதில்ல, திட்டுறதில்ல. அப்புறம் நான் பொறுமையா இருக்கேன்னா அதுல என்னண்ணே இருக்கு? இங்க வந்தா என்னை யாருக்கும் தெரியாது. தராசுல கை வைக்காம இருக்கிறது, தோத்துட்டு வீட்டுக்கு வந்து எரிஞ்சு விழாம இருக்கிறது, இதெல்லாம் இம்புட்டுக் கஷ்டம்னு தெரியாமலே உங்களுக்குச் சொல்லிக் கொடுத்துக்கிட்டிருந்திருக்கேன்."

இதை நான் எந்தச் சந்தேகமும் இல்லாமல் கேட்டேன் என்று சொன்னால் பொய். பேச்சைத் தொழிலாகக் கொண்டவர் நன்றாகப் பேசுகிறார் என்பதற்காக நம்பிவிட முடியுமா? அந்த உள்ளங்கையைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

உசிலம்பட்டியில் மாறி ஏறியதும் என் மூளை வேலை செய்தது. "ஐயா, கமிட்டில நான் பேசிக்கிறேன். அக்காவுக்குக் கால் ஒடிஞ்சிருச்சு, செவ்வாய்க்கெழமை பாத்து ஜெபம் பண்ணிட்டு வாராருன்னு சொல்லிர்றேன். பொய்யும் இல்ல. கட்டுப் பிரிக்க இன்னும் மூணு சந்தைதான. அதுவரைக்கும் ஓட்டிரலாம்."

அவர் உடனே மறுக்கவில்லை. அதைக் கவனித்தேன். ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே வந்தார். செக்கானூரணியில் பஸ் நின்று, பூ விற்கிறவர்கள் ஏறி இறங்கி, மறுபடியும் கிளம்பியது. அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தார்.

"வேண்டாம்ணே. ரொம்ப நல்லா இருக்கு நீங்க சொல்றது, அதான் வேண்டாங்கறேன். நானே சொல்லிர்றேன். இந்தத் தடவை பிரசங்கத்துல இல்ல, கமிட்டியிலயே."

வெள்ளிக்கிழமை மாலை கமிட்டி அறையில் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் ஐயாவைப் பார்த்தேன். அவர் எழுந்து, அக்காவின் கால், சந்தை, சாக்கு, தராசு, காசியின் சட்டை வரை ஒன்று விடாமல் சொன்னார். வியாபாரத்தில் தனக்குப் பங்கு எதுவும் இல்லை, வேலை மட்டும்தான் என்றார்.

ஜெபராஜ் சார் தொண்டையைச் செருமினார். "ஐயா, இது... உவமையா?"

"இல்ல சார்."

அது உவமை இல்லை என்று ஜெபராஜ் சாருக்கு உறைக்கச் சில நிமிடம் ஆனது. என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். நான் ஆமாம் என்றேன். ஐயா உன்னைச் சரிக்கட்டிவிட்டாரா என்று கண்ணாலேயே கேட்டார். டிக்கெட் விஷயத்தை நான் சொல்லவில்லை. கடைசியில் சார், "சபைக்கு இது அழகில்லைங்கய்யா. மேலிடத்துக்குப் போனா மாற்றல்தான். இனிமே போக வேண்டாம். நாங்களும் இதை இதோட விட்டுர்றோம்" என்றார்.

"சரி சார், போகல" என்றார் ஐயா. "ஆனா இன்னும் மூணு சந்தை இருக்கு. அக்கா எடத்துல சாக்கு விரிக்க ஆள் வேணும். நம்ம சபையில யாரு போறீங்க?"

ஒருவர் போனை எடுத்துப் பார்த்தார். ஒருவருக்குச் செவ்வாய்தோறும் சர்க்கரைப் பரிசோதனை. ஜெபராஜ் சார் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். நாங்கள் தடுத்தால் அந்த அக்காவின் இடம் போகும் என்பது அறையில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அது தெரிந்துதான் எல்லாரும் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கை எப்படி மேலே போனது என்று எனக்கே விளங்கவில்லை. அன்பு என்று சொல்ல மாட்டேன். என்னைவிட நன்றாக வம்பு பேசும் ஒருவரை, ரூபி அக்காவை, வாழ்க்கையில் முதல்முறையாகச் சந்தித்திருந்தேன், அது ஒரு காரணம். ஐயா என்னைப் பார்த்துச் சிரித்தார். இதற்காகத்தான் ஆரம்பத்திலிருந்தே திட்டம் போட்டாரோ என்று அந்தச் சிரிப்பின் மேல் எனக்கு இன்றுவரை சந்தேகம் உண்டு.

அக்கா என்னைப் பார்த்து, "மதுரைக்காரரு, எடத்தத் தூக்கிட்டா போகப் போறாரு" என்று ஒப்புக்கொண்டார். அடுத்த செவ்வாயிலிருந்து போனேன். மூட்டை தூக்கினேன், முட்டி கத்தியது. காசியோடு சண்டை போடவில்லை. அது பொறுமை இல்லை, அவர் தோள்பட்டையைப் பார்த்த பயம்.

நீங்கள் அந்தப் பக்கம் போவதாக இருந்தால் சில விஷயங்கள். ஆரப்பாளையத்தில் ஏழு மணிக்குள் ஏறிவிடுங்கள், அதற்குப் பிறகு கல்லூரிக் கூட்டம். பஸ்ஸில் நடுச் சீட்டு உத்தமம். உசிலம்பட்டியில் சில்லறை மாற்றிக்கொள்ளுங்கள், ஷேர் ஆட்டோக்காரர் ஐந்நூறு ரூபாய்த் தாளைப் பார்த்தால் கோபப்படுவார். சந்தைக்குத் துணிப்பை கொண்டுபோங்கள். உங்கள் ஊர்ப் போதகரோ வாத்தியாரோ வேறு யாரோ அடிக்கடி எங்கேயோ போகிறார் என்று சந்தேகம் வந்தால் தாராளமாகப் பின்தொடருங்கள், நான் தடுக்கமாட்டேன். வீட்டில் உட்கார்ந்து பேசுவதைவிட அது மேல். ஆனால் போய்ச் சேர்ந்த இடத்தில் ஒரு மூட்டையை நீங்களும் தூக்க வேண்டி வரும். இடுப்பு பத்திரம்.

உளவு பார்த்த நாளையும் சேர்த்து நான் போன நான்காவது செவ்வாய்க்கிழமை சந்தைக்குள் நுழைந்தபோது நாற்காலி இல்லை. அக்காவையும் காணவில்லை. நானே சாக்கை விரித்து, காயைக் கொட்டி, தராசை வைத்து உட்கார்ந்தேன். முதல் வியாபாரம் முடிகிற நேரத்தில் ஒரு நிழல் விழுந்தது. மாவுக்கட்டு இல்லாத கால், கையில் ஒரு கம்பு.

"எந்திரிங்க" என்றார் ரூபி அக்கா. "அது என் எடம்."

எழுந்தேன். அவர் உட்கார்ந்தார்.